பிரமிளுக்கு ஓர் ஆள் இருந்தார்

வேலூருக்குப் பக்கத்தில் கரடிக்குடி என்ற சிற்றூரில் 1997 ஜனவரி 6ஆம் தேதி கவிஞர் பிரமிள் காலமானார். மனைவி மக்கள் இல்லை, நிலையான வருமானம் இல்லை. ஆனால் அடுத்த ஆண்டே அவருடைய கவிதைகள் ஒரே புத்தகமாகத் திரட்டி அச்சாகிவிட்டன. பிறகு கதை, நாடகம், விமர்சனம், பேட்டி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து இன்று அவருடைய படைப்புகள் ஆறு தொகுதிகளாகக் கிடைக்கின்றன. அவருடைய படிமங்களைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். அவர் போட்ட சண்டைகளைப் பற்றி அதைவிட அதிகமாக எழுதியிருக்கிறார்கள். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், பண்டார் தெங்காராவில் உட்கார்ந்து படிக்கிற எனக்கு அந்த ‘அடுத்த ஆண்டே’தான் பெரிய வியப்பு.

திருகோணமலையில் 1939 ஏப்ரல் 20ஆம் தேதி பிறந்தவர். இயற்பெயர் சிவராமலிங்கம். சென்னையில் சி. சு. செல்லப்பா நடத்திய ‘எழுத்து’ பத்திரிகையில் 1960இல் எழுதத் தொடங்கியபோது அவருக்கு இருபது வயது. கடலுக்கு அந்தப் பக்கமிருந்து தபாலில் வந்த எழுத்தைப் பார்த்துவிட்டு, யாரோ முதிர்ந்த ஆள் என்று நினைத்தவர்கள் உண்டாம். நம்பத்தான் தோன்றுகிறது. 1962இல் செல்லப்பா 24 கவிஞர்களின் 63 கவிதைகளைத் தொகுத்து ‘புதுக்குரல்கள்’ வெளியிட்டபோது அதில் இவரும் இருந்தார். பின்னால் தமிழ்நாட்டுக்கு வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். 1972இல் ‘கண்ணாடியுள்ளிருந்து’, 1976இல் ‘கைப்பிடியளவு கடல்’, 1980இல் ‘மேல்நோக்கிய பயணம்’. எல்லாம் மெலிந்த புத்தகங்கள். மீதி எழுத்தெல்லாம் சிற்றிதழ்களில் சிதறிக் கிடந்தது. இரண்டு இதழோடு நின்றுபோகிற பத்திரிகைகள் மலிந்த காலம் அது.

போதாக்குறைக்கு எண்சோதிடத்தில் நம்பிக்கை வேறு. தருமு சிவராம், அரூப் சிவராம், பானுசந்திரன், பிரமிள் என்று பெயர் மாறிக்கொண்டே இருந்தது. ஒரே பெயருக்குள் எழுத்துகளும் கூடின, குறைந்தன. படம் வரைவார், களிமண்ணில் உருவம் செய்வார். நெருங்கிப் பழகியவர்களோடு பகைத்துக்கொள்வார். இப்படிப்பட்ட ஒருவரின் எழுத்தைத் திரட்டுவது லேசான வேலையா? எந்தப் பெயரில் எந்த இதழில் எது வந்தது, பிறகு அவரே எதைத் திருத்தினார், கையெழுத்துப் பிரதிக்கும் அச்சுக்கும் எங்கே வேறுபாடு என்பதையெல்லாம் அறிந்த ஓர் ஆள் வேண்டும். பிரமிளுக்கு அந்த ஆள் ‘லயம்’ சிற்றிதழை நடத்திய கால சுப்ரமணியம். பிரமிள் எழுதியதை அவர் உயிரோடு இருந்தபோதே வெளியிட்டார், இறந்த பிறகும் விடாமல் தேடித் தொகுத்தார். பல்கலைக்கழகமும் அரசும் செய்யவேண்டிய வேலையை ஒரு வாசகர் தன் கைப்பொறுப்பில் செய்திருக்கிறார்.

இதற்கு நேர்மாறான வசதியோடு வாழ்ந்தவர் இங்கிலாந்துக் கவிஞர் ஃபிலிப் லார்கின். போருக்குப் பிந்தைய ஆங்கிலக் கவிதை என்றால் முதலில் வருகிற பெயர்களில் ஒன்று. 1955 முதல் 1985இல் சாகும்வரை ஹல் பல்கலைக்கழகத்தின் நூலகர். தாள்களைப் பாதுகாப்பதே தொழில் என்பதால், சொந்தக் கவிதைகளுக்குத் தேதி போட்டு நோட்டில் எழுதி வைத்திருந்தார். வாழ்நாளில் வந்தவை முக்கியமாக நான்கு ஒல்லித் தொகுப்புகள். இலக்கிய உரிமைகளைப் பார்த்துக்கொள்ள ஆட்களையும் நியமித்துவிட்டுப் போனார். அவர்களில் ஒருவரான ஆன்டனி துவெய்ட் 1988இல் முழுத் தொகுப்பைக் கொண்டுவந்தார். கவிஞர் அச்சேற்றாமல் ஒதுக்கிய கவிதைகளையும் சேர்த்து, எல்லாவற்றையும் எழுதிய கால வரிசையில் அடுக்கிவிட்டார். லார்கின் பார்த்துப் பார்த்துக் கோத்த வரிசை கலைந்துவிட்டது என்று வாசகர்கள் முணுமுணுத்தார்கள். 2003இல் அதே துவெய்ட் பழைய தொகுப்புகளின் வரிசைக்குத் திரும்பினார். 2012இல் ஆர்ச்சி பர்னெட் விரிவான குறிப்புகளோடு இன்னொரு பதிப்பு போட்டார். ஒரே கவிஞருக்கு மூன்று பதிப்பு, மூன்று விவாதம். நமக்கு அந்தச் சண்டை போடக்கூடக் கொடுத்துவைக்கவில்லை. வரிசை பற்றிச் சண்டை வரவேண்டுமானால் முதலில் கவிதைகள் கையில் இருக்கவேண்டுமே.

நம் நாட்டில் தமிழ்க் கவிதை வாழ்ந்த இடம் நாளிதழின் ஞாயிறு பதிப்பு. அதற்கு அடுத்தபடி வானொலி, பொங்கல் மலர், தீபாவளி மலர், கோயில் திருவிழாக் கவியரங்கம். தோட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டே இருபது முப்பது வருடம் எழுதியவர்கள் புத்தகம் போட்டதே இல்லை. போட்டிருந்தால் ஒன்று, அதிகம் போனால் இரண்டு. கூலாய், கோத்தா திங்கி வட்டாரத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயன் வீடுகள் காலியாயின, குடும்பங்கள் தாமான் குடியிருப்புகளுக்கும் பட்டணத்துக்கும் குடிபெயர்ந்தன. ஒவ்வொரு குடிபெயர்விலும் முதலில் கழிக்கப்படுவது பழைய பேப்பர். பாட்டன் எழுதிய கவிதை அந்தக் கட்டுக்குள் இருக்கிறது என்று பேரனுக்கு யார் சொல்வது? அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா என்பது அடுத்த கேள்வி.

சில வீடுகளில் நறுக்கி ஒட்டிய நோட்டுகள் இன்னும் இருக்கின்றன. அங்கேயும் ஒரு தொல்லை. ஆசையாகக் கத்தரிக்கிறவர்கள் கவிதையைச் சுற்றிக் கட்டம் போட்டதுபோல் வெட்டிவிடுவார்கள். பத்திரிகைப் பெயரும் தேதியும் பக்கத்தின் தலையிலேயே நின்றுவிடும். தொகுப்பாளருக்குக் கவிதைக்கு அடுத்தபடியாக வேண்டியது அந்தத் தலைப்பகுதிதான். தாளைத் திருப்பினால் பின்பக்கத்தில் ஒரு சினிமா விளம்பரமோ தேர்தல் செய்தியோ கிடைத்து ஆண்டைக் குத்துமதிப்பாகப் பிடிக்கலாம். பசை போட்டு ஒட்டிவிட்டால் அதுவும் இல்லை.

முரசு நெடுமாறன் இந்தக் காட்டில் தனியாக இறங்கியவர். 1887 முதல் 1987 வரை நூறு ஆண்டுக் கவிதைகளைத் தேடி அவர் தொகுத்த ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ 1997இல் வந்தது, பிரமிள் மறைந்த அதே ஆண்டு. மேசைமேல் வைத்துத்தான் படிக்கமுடியும், அத்தனை கனம். அது இல்லாவிட்டால் நம் கவிஞர்கள் பலரின் பெயர்கூட மிஞ்சியிருக்காது. ஆனால் களஞ்சியத்தில் ஒரு கவிஞருக்குக் கிடைப்பது சில பக்கம். ஒருவரின் முழு எழுத்தும், அவருடைய சறுக்கலும் வளர்ச்சியும் தெரியும்படி, அதில் வரமுடியாது. அதற்குத் தனித்தனித் தொகுப்பு வேண்டும், தனித்தனி ஆள் வேண்டும். 1987க்குப் பிறகு எழுதியவர்களுக்கு இன்னொரு களஞ்சியமும் வேண்டும்.

1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ நாளிதழ் 2019இன் தொடக்கத்தில் நின்றுபோனது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டின் ஞாயிற்றுக்கிழமைகள் அதில் இருக்கின்றன. அவற்றைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து எல்லாரும் தேடிப் பார்க்கும்படி வைப்பது இன்று பெரிய தொழில்நுட்பம் இல்லை. பாலத்துக்கு அந்தப்புறம் சிங்கப்பூர் தேசிய நூலகம் ‘தமிழ் முரசு’ நாளிதழின் பழைய இதழ்களை மின்வடிவில் வைத்திருக்கிறது. 2015இல் அந்நாட்டின் பொன்விழாவை ஒட்டி, 1965க்குப் பிறகு வந்த 350க்கும் மேற்பட்ட சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களைத் தமிழ்ச் சமூகத்தினரும் நூலகமும் சேர்ந்து மின்னாக்கம் செய்தார்கள். இலங்கை நூல்களுக்கு 2005 முதல் ‘நூலகம்’ இணையதளம் இருக்கிறது, அதுவும் பெரும்பாலும் தன்னார்வலர் உழைப்பு. ஜொகூரின் தோட்டக் கவிஞர் ஒருவர் அறுபதுகளுக்கு முன் எழுதியதைத் தேட இன்று சிங்கப்பூர்ப் பத்திரிகைக் கோப்புதான் கைகொடுக்கிறது. நல்லதுதான். கொஞ்சம் உறுத்துகிறது என்றும் சொல்லிவிடுகிறேன்.

எல்லாவற்றையும் சேர்த்து வைத்தால் சுமாரானவை நல்லவற்றை மூடிவிடும், கவிஞருக்கு நாலு கவிதை நின்றால் போதும் என்பாரும் உண்டு. அந்த நாலு எவை என்று தேர்ந்தெடுக்கவும் மொத்தமும் கிடைத்தாகவேண்டும்.

கடைசியாகச் சட்டம். மலேசியாவில் எழுத்தாளர் இறந்து 50 ஆண்டுவரை அவர் எழுத்துக்குப் பதிப்புரிமை உண்டு. அதாவது இன்று நாம் இழந்துகொண்டிருக்கும் தலைமுறையின் கவிதைகளை அச்சிட, அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சம்மதிக்கவேண்டும். அவர்கள் எங்கே இருக்கிறார்கள், தங்களிடம் அப்படி ஓர் உரிமை இருப்பது அவர்களுக்குத் தெரியுமா என்பது தனிக் கதை. லார்கின் எழுதிய உயிலிலேயே குழப்பம் இருந்தது. வெளிவராத எழுத்தை அழிக்கச் சொன்ன வரியும் வெளியிட இடம்தந்த வரியும் முட்டிக்கொண்டு, கடைசியில் வழக்கறிஞர்தான் வழி சொன்னார். லார்கினே விரும்பியபடி அவருடைய நாட்குறிப்புகள் மட்டும் கிழித்துப் போடப்பட்டன. நம்மவர்கள் அந்த அளவுக்குப் போகவேண்டாம். எழுபது எண்பது வயதில் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிற கவிஞர்கள், என் எழுத்தைத் தொகுத்து வெளியிட இன்னாருக்குச் சம்மதம் என்று தமிழிலும் மலாயிலும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, நறுக்கு நோட்டோடு சேர்த்து வைக்கலாம். எந்தெந்தப் புனைபெயரில் எழுதினோம் என்றும் அதிலேயே குறித்துவிடவேண்டும். தாசன்கள் நிறைந்த நாடு இது. எந்தத் தாசன் எவர் என்று சொல்லக்கூடியவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.