துளை போட்டால் போட்டதுதான்: தோல் போன்ற காகிதத்தில் தையல்

தையல் வகுப்பில் துணியைத் தவிர வேறு எதைத் தைக்கலாம் என்று கேட்டால் சாக்கு, ரெக்சின் என்று மாணவர்கள் சொல்வார்கள். காகிதம் என்று எவரும் சொல்வதில்லை. ஆனால் தைக்கவும் பூவேலை செய்யவும் துவைக்கவும் ஏற்ற ஒரு காகிதம் உண்டு. அரசுப் பள்ளியில் தையல் ஆசிரியராகப் பணிபுரியும் நான் ஏழு, எட்டாம் வகுப்பு மாணவர்களுடன் அதைப் பயன்படுத்தி வருகிறேன். அந்த அனுபவத்தில் கண்டவற்றை இங்கே பகிர்கிறேன்.

இது என்ன காகிதம்?

ஜீன்ஸ் பேன்ட்டின் பின்பக்க இடுப்பில் தோல் போன்ற பழுப்பு நிறப் பட்டை ஒன்று தைக்கப்பட்டிருக்கும். பல பேன்ட்களில் அது தோல் அல்ல, காகிதம். மர இழைக் கூழுடன் ரப்பர் போன்ற பிணைப்புப் பொருளைச் சேர்த்து இதைத் தயாரிக்கிறார்கள். அதனால் நீரில் கரைவதில்லை, எளிதில் கிழிவதில்லை. அமெரிக்காவில் கிராஃப்ட்-டெக்ஸ், ஜெர்மனியில் ஸ்னாப்பாப் என்ற பெயர்களில் கைவினைக்காகவே விற்கிறார்கள். கிராஃப்ட் என்ற ஜெர்மன் சொல்லுக்கு வலிமை என்று பொருள்.

புதிதாக வாங்கும்போது அட்டை போல விறைப்பாக இருக்கும். வெந்நீரில் நனைத்து, கசக்கிப் பிழிந்து, உலர்த்தினால் தோலில் உள்ளது போன்ற சுருக்கங்கள் விழுந்து மென்மையாகும். வெட்டிய ஓரத்தில் நூல் பிரியாது. எனவே ஓரம் மடித்துத் தைக்க வேண்டியதில்லை. புதிதாகத் தையல் பழகும் பிள்ளைக்கு இது பெரிய உதவி.

துணி மன்னிக்கும், காகிதம் மன்னிக்காது

துணியில் தவறாகப் போட்ட தையலைப் பிரித்துவிட்டால் இழைகள் மீண்டும் நெருங்கி, துளை மறைந்துவிடும். இந்தக் காகிதத்தில் ஊசி குத்திய இடம் அப்படியே இருக்கும். முதல் வகுப்பிலேயே ஒரு மாணவர், “டீச்சர், ஓட்டை போட்டா அழிக்கவே முடியாதா?” என்று கேட்டார். முடியாது என்றேன். அடுத்த நிமிடமே வகுப்பில் ஸ்கேலும் பென்சிலும் வெளியே வந்தன. ‘அளந்துவிட்டுத் தை’ என்று நான் பலமுறை சொல்லியும் நடக்காததை இந்தக் காகிதம் நடத்திக் காட்டியது. திட்டமிட்டுச் செய்யும் பழக்கத்தை இது கற்றுத் தருகிறது. இதை வகுப்புக்குக் கொண்டுவர எனக்கு அந்த ஒரு காரணமே போதும்.

மெஷினில் தைக்கும்போது

• 16ஆம் எண் ஊசியும் பாலியஸ்டர் நூலும் பொருந்தும்.

• ஓர் அங்குலத்துக்கு 7 அல்லது 8 தையல் போதும். தையல் நெருங்கினால் துளைகள் வரிசையாகி, தபால் தலையைக் கிழிப்பது போல அந்தக் கோட்டிலேயே காகிதம் கிழிந்துவிடும்.

• குண்டூசி குத்த வேண்டாம். துணி காயவைக்கும் கிளிப் போட்டுப் பிடிக்கலாம்.

• தொடக்கத்திலும் முடிவிலும் முன்னும் பின்னும் ஓட்டிக் கெட்டிப்படுத்த வேண்டாம். நூல் முனைகளைப் பின்பக்கம் இழுத்து முடிச்சிடலாம்.

• மடிக்கும் கோட்டில் முதலில் ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பேனாவால் அழுத்திக் கோடிட்டால் மடிப்பு நேராக விழும்.

கையால் பூவேலை

வடிவத்தைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து, காகிதத்தின் மேல் வைத்து, கிளிப் போட வேண்டும். அடியில் பழைய ரப்பர் செருப்பின் அடிப்பகுதியை வைத்து, குத்தூசியால் எல்லாத் துளைகளையும் முதலிலேயே போட்டுவிட வேண்டும். அதன் பிறகு ஊசி தானாக வழி கண்டுகொள்ளும். துளைகளுக்கு இடையே குறைந்தது 3 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். ஓட்டுத் தையல், பின் தையல், சங்கிலித் தையல், கிராஸ் ஸ்டிச் நான்கும் நன்றாக வரும். இடைவெளியின்றி நிரப்பும் சாட்டின் ஸ்டிச் இதற்கு ஏற்றதல்ல. குத்தூசியையும் ஊசிகளையும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவதும், பிளேடு வேலையை ஆசிரியரே செய்வதும் நல்லது.

கணக்கும் வந்து சேர்கிறது

நேர்கோடுகளால் வளைகோடு உண்டாக்கும் தையல் ஒன்று உண்டு. எவரெஸ்ட் சிகரத்துக்குப் பெயர் தந்த நில அளவையாளர் ஜார்ஜ் எவரெஸ்டின் சகோதரர் மகள் மேரி எவரெஸ்ட் பூல். கணிதக் கல்வியில் ஆர்வம் கொண்டிருந்த அவர், நூறு ஆண்டுகளுக்கு முன்பே அட்டையில் தைத்து வடிவியலை உணர வைக்கும் இம்முறையைப் பரப்பினார்.

ஒரு செங்கோணம் வரைந்து, இரு கைகளிலும் மூலையிலிருந்து 1 செ.மீ.க்கு ஒன்றாகப் பத்துத் துளைகள் இட வேண்டும். ஒரு கையின் 1ஆம் துளையை மற்ற கையின் 10ஆம் துளையுடனும், 2ஐ 9உடனும், 3ஐ 8உடனும் நூலால் இணைத்துக்கொண்டே போனால் கோடுகளின் ஓரத்தில் ஒரு பரவளைவு தெரியும். எண்கள் எப்போதும் 11 ஆகக் கூடுவதை நாம் சொல்ல வேண்டாம். மூன்றாவது கோட்டுக்குள் மாணவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

நூலை வெட்டும் முன் எவ்வளவு தேவை என்று கேட்டேன். ஒவ்வொரு கோடும் ஒரு செங்கோண முக்கோணத்தின் கர்ணம். பிதாகரஸ் தேற்றப்படி கணக்கிட்டால் பத்துக் கோடுகளுக்கு ஏறத்தாழ 87 செ.மீ., பின்பக்கத் தாவல்களுக்கு 9 செ.மீ. முடிச்சுக்கும் சேர்த்து 120 செ.மீ. நூல் போதும். அதற்கு முன்பு குத்துமதிப்பாக வெட்டி, பாதியில் நூல் தீர்ந்து மீண்டும் கேட்டு வருவார்கள். நூல்கண்டுக்குக் கணக்குப் பார்க்க வேண்டிய நமக்கு இது சிறிய விஷயமல்ல.

குறிப்பேட்டு உறை

இந்தத் தையலுள்ள காகிதத்தையே உறையாக்கலாம். 30.5 செ.மீ. நீளமும் 21.5 செ.மீ. அகலமும் கொண்ட துண்டில் பூவேலையை முடித்து, நீளவாக்கின் நடுவில் மடித்துக்கொள்ளவும். எட்டு ஏ4 தாள்களை இரண்டாக மடித்து உள்ளே வைத்தால் 32 பக்கம் கிடைக்கும். மடிப்புக் கோட்டின் நடுவில் ஒரு துளை, அதற்கு மேலும் கீழும் 7 செ.மீ. தள்ளி ஒவ்வொரு துளை. உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே வந்து, மேல் துளையில் உள்ளே போய், உட்புறமாகக் கீழ்த்துளைக்குச் சென்று வெளியே வந்து, மீண்டும் நடுத்துளையில் உள்ளே நுழைய வேண்டும். உள்ளே கிடக்கும் நீள நூலை நடுவில் வைத்து இரு முனைகளையும் முடிச்சிட்டால் வேலை முடிந்தது.

செலவுக்கு என்ன செய்வது?

இந்தக் காகிதம் துணியைவிட விலை கூடியது. நான் இறுதிப் படைப்புக்கு மட்டுமே இதைத் தருகிறேன். பயிற்சிக்குப் பழைய திருமண அழைப்பிதழ்கள் போதும். மைதா பசையால் பழைய பருத்தித் துணியைப் பழுப்பு நிற அட்டைத்தாளின் பின்பக்கம் ஒட்டி, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வைத்தால் தைக்கத் தகுந்த மாற்றுப் பொருள் தயார். துவைக்க முடியாது என்பது ஒன்றே குறை.

தையல் பெண் பிள்ளைகளுக்கானது என்று ஒதுங்கி நிற்கும் மாணவர்கள் குத்தூசியும் ஸ்கேலும் பார்த்ததும் தயங்காமல் முன்வருகிறார்கள். கைவேலைப் பாடவேளையை வேறு பாடத்துக்குக் கேட்கும் கணித ஆசிரியரை ஒருநாள் இந்த வகுப்புக்கு அழைத்துப் பாருங்கள். இரண்டு பாடமும் ஒரே மேசையில் நடப்பதை அவரே காண்பார்.