பத்து டன் வீடு மலையிறங்கும்போது

படுக்கை, அடுப்பு, குளியலறை, தண்ணீர்த் தொட்டி, ஜெனரேட்டர் என்று ஒரு குடித்தனமே சக்கரத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருப்பதுதான் மோட்டார்ஹோம். அமெரிக்காவில் பெட்ரோலில் ஓடும் பெரிய மோட்டார்ஹோம்களில் பல, ஃபோர்டு எஃப்-53 என்ற சேஸிஸின் மேல் கட்டப்படுபவை. ஆட்கள், சாமான், தண்ணீர் எல்லாம் சேர்ந்து 7 முதல் 12 டன் வரை எடை வரும். ஓட்டுகிறவரோ பெரும்பாலும் லாரி ஓட்டிப் பழகியவர் அல்ல. பணி ஓய்வு பெற்று ஊர் சுற்றக் கிளம்பிய ஆசிரியராகவோ கணக்கராகவோ இருப்பார். பல மாநிலங்களில் சாதாரணக் கார் உரிமமே போதும். லாரியின் எடை, காரோட்டியின் கால்.

டாக்ஸி ஓட்டுநர் கிலோமீட்டர் கணக்கு வைத்து பிரேக் பேட் மாற்றுவார். மோட்டார்ஹோமுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. வருடத்தில் சில வாரங்கள் ஓடி, மீதி நாளெல்லாம் நிற்கிற வண்டி அது. பேட் தேய்வதற்கு முன்பே அதன் பிரேக் வேறு இரண்டு வழிகளில் கெடும்: மலையிறக்கத்தில் சூடேறி, அல்லது ஷெட்டில் சும்மா நின்று.

முதலில் சூடு. பத்து டன் வண்டி ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் சுமார் 27 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதி முழுவதையும் பிரேக்கின் தலையில் கட்டினால் என்ன ஆகும்? நான்கு சக்கரத்து டிஸ்க்கும் சேர்ந்து 100 கிலோ இரும்பு என்று வைத்துக்கொள்வோம். வெப்பம் துளியும் வெளியேறாவிட்டால் அந்த இரும்பு உருகும் நிலையையே நெருங்கியிருக்கும். சுத்த இரும்பு உருகுவது 1,538 டிகிரி செல்சியஸில். நிஜத்தில் காற்று பட்டு டிஸ்க் ஆறிக்கொண்டே வருவதால் அந்த நிலை வருவதில்லை. ஆனால் அதற்கு வெகு முன்பே, பேட்டில் உள்ள பிசின் கருகி வாயு விட ஆரம்பிக்கும், பிடிமானம் குறையும். டிரம் பிரேக்காக இருந்தால் சூட்டில் டிரம் விரிந்து, ஷூவை விட்டு விலகிப் போகும். எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது.

இதை உயிர் போகும் அளவுக்கு அனுபவித்தவர்களில் ஒருவர் கிளெஸ்ஸி கம்மின்ஸ். கம்மின்ஸ் டீசல் எஞ்சினுக்குப் பெயர் தந்தவர். 1931இல் தன் எஞ்சின் பூட்டிய லாரியில் நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு விரைந்தபோது, கலிஃபோர்னியாவின் கஹோன் கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. கீழே ரயில்வே கிராஸிங்கில் சரக்கு ரயில் போய்க்கொண்டிருந்தது. அதன் கடைசிப் பெட்டி தாண்டவும் லாரி கடக்கவும் சரியாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் அது மனதை விட்டுப் போகவில்லை. இறக்கத்தில் எஞ்சினையே பிரேக்காக்கும் வழியை வகுத்தார். சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அழுத்தி முடித்த கணத்தில் எக்ஸாஸ்ட் வால்வைத் திறந்துவிட்டால், அழுத்திய காற்று பிஸ்டனைத் திருப்பித் தள்ளாமல் வெளியேறிவிடும்; அழுத்தச் செலவான ஆற்றல் வண்டியின் வேகத்திலிருந்து கழிந்துபோகும். 1961இல் ஜேக்கப்ஸ் நிறுவனம் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ‘ஜேக் பிரேக்’ என்ற பெயர் அதனால்தான். படபடவென்று அது போடும் சத்தத்துக்காகவே சில ஊர் எல்லைகளில் தடைப் பலகை வைத்திருக்கிறார்கள்.

எல்லா மோட்டார்ஹோமிலும் ஜேக் பிரேக் கிடையாது. சில டீசல் வண்டிகளில் புகைக்குழாயை அடைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் மட்டும் இருக்கும். பெட்ரோல் வண்டியில் கியரைக் குறைத்து எஞ்சினை இழுக்க விடுவதுதான் வழி. ஏறிய கியரிலேயே இறங்கு என்று நம் மலைப்பாதை ஓட்டுநர்கள் சொல்வதைப் பழைய அமெரிக்க லாரிக்காரர்களும் சொன்னார்கள். இப்போதைய அமெரிக்க உரிமக் கையேடு ஒரு திருத்தம் தருகிறது: புது வண்டிகளின் எஞ்சினுக்கு வலு அதிகம், காற்றுத்தடையும் உராய்வும் குறைவு, ஆகவே ஏறியதைவிடக் குறைந்த கியரில் இறங்க வேண்டியிருக்கலாம். அதுவும் இறக்கம் தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும். பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் வைத்துக்கொண்டே வருவது கெட்ட பழக்கம். 40 மைல்தான் பாதுகாப்பான வேகம் என்றால், 40ஐத் தொட்டதும் அழுத்தமாக மிதித்து 35க்குக் கொண்டுவந்து முழுதாக விட்டுவிட வேண்டும். கொலராடோவின் பைக்ஸ் பீக் சிகரத்திலிருந்து இறங்கும் வண்டிகளை நடுவழியில் நிறுத்தி, பிரேக்கின் சூட்டை அளந்து பார்த்துத்தான் அனுப்புகிறார்கள்.

அடுத்தது, நின்று கெடுவது. என்னைக் கேட்டால் இதுதான் கூடுதல் ஆபத்து, கண்ணுக்குத் தெரியாது என்பதால். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் திரவம். வண்டி ஓடினாலும் நின்றாலும் உறிஞ்சும். புதிய ‘டாட் 3’ தரத்து ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. சுமார் 4 விழுக்காடு நீர் கலந்துவிட்டால் அந்த எல்லை 140 ஆகிவிடும். டாட் 4 என்றால் 230, 155. நீண்ட இறக்கத்தில், பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பரின் சூடு ஆயிலுக்கு ஏறி, கொதித்துக் குமிழி விட்டால் பெடல் பஞ்சுபோல் அமுங்கும். பேடுக்கு அழுத்தம் போய்ச் சேராது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்வது இதற்காகத்தான். பேட் புதிதுபோல் இருக்கிறதே என்று இதைத் தள்ளிப்போடுபவர்கள் நிறையப் பேர்.

நிற்கும் வண்டியில் டிஸ்க் துருப்பிடிக்கும். மேலாக உள்ள துரு நாலு மிதியில் போய்விடும்; அரித்துக் குழி விழுந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். காலிப்பரின் ஸ்லைடு பின் இறுகினால் இரண்டு பேடில் ஒன்று மட்டும் தேயும். எனவே வெளிப்பக்கத்துப் பேடை மட்டும் எட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்வதில் பயனில்லை. பழைய ரப்பர் ஹோஸ் உட்புறம் வீங்கினால் ஆயில் போகும், திரும்பி வராது. சக்கரம் பிடித்தபடியே ஓடும். ஈரமான இடத்தில் மாதக்கணக்கில் ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தினால் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்து நிறுத்துவது மேல்.

சக்கரத்தைக் கழற்றாமலே பாதி நோயைக் கண்டுபிடிக்க எளிய கருவி ஒன்று உண்டு: தொடாமலே சூடு பார்க்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரத்திலும் டிஸ்க்கை அளக்க வேண்டும். ஒரே அச்சில் ஒன்று மட்டும் கொதித்தால் அது விடாமல் பிடிக்கிறது. ஒன்று மட்டும் ஆறிக் கிடந்தால் அது வேலையே செய்யவில்லை.

பின்னால் டீசல் எஞ்சின் வைத்த பெரிய வண்டிகளில் ஏர் பிரேக். அங்கே ஆயில் கவலை இல்லை. பதிலுக்கு ஏர் டேங்கில் சேரும் தண்ணீரை வடிக்க வேண்டும், ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டரைச் சோதிக்க வேண்டும். எஞ்சினை அணைத்து பிரேக்கை மிதித்துப் பிடித்தால், ஒரு நிமிடத்தில் அழுத்தம் 3 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக் கூடாது.

அமெரிக்கர்கள் மோட்டார்ஹோமின் வாலில் ஒரு சின்னக் காரையும் கட்டி இழுத்துப் போவார்கள், போன ஊரில் கடைகண்ணிக்குப் போய்வர. அந்தக் காரின் பிரேக் பெடலை மிதிக்கத் தனிக் கருவி ஒன்று பொருத்துவதுண்டு. அது விடாமல் மிதித்துக்கொண்டே வந்தாலும் முன்னால் ஓட்டுபவருக்குத் தெரியாது. பத்து டன்னுக்கு அந்த இழுப்பு ஒரு பொருட்டே இல்லை. காரில் பேட் கருகிப் புகை வந்த பிறகே விஷயம் வெளியே வரும். அதனால் கிளம்பிய பத்தாவது மைலிலேயே ஓரங்கட்டி, அந்தத் தெர்மாமீட்டரைக் காரின் நான்கு சக்கரத்துக்கும் ஒருமுறை காட்டிவிடுவது உத்தமம்.