கேரவன் தரையை மாற்றப் போறீங்களா? ஏற்காடு ஏறும் முன் இதைப் படிங்க!

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலே சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் பனிமூட்டமும் குளிரும். சொந்த கேரவனில் குடும்பத்தோடு போய்த் தங்குவது தனி சுகம்தான். தமிழ்நாடு சுற்றுலாக் கொள்கை 2023-லும் கேரவன் சுற்றுலா முன்னுரிமைப் பிரிவுகளில் ஒன்று.

ஆனால் நாலு ட்ரிப் போய் வந்ததும் பலர் கவனிக்கும் விஷயம் ஒன்று உண்டு. சிங்க் பக்கம் கால் வைத்தால் தரை ‘மெத்’தென்று அமுங்கும். வினைல் விரிப்பு உப்பும். மக்கல் வாடை வரும். "மேல ஒரு புது ஷீட் ஒட்டிட்டா போச்சு" என்று விட்டுவிடாதீங்க. அடியில் பலகை மக்கிக்கொண்டே இருக்கும்.

தண்ணீர் எங்கிருந்து வருது?

முதலில் தண்ணீர்த் தொட்டி, சிங்க் குழாய், கதவு ரப்பர், ஜன்னல் ஓரம் ஆகியவற்றைப் பாருங்க. எங்கும் கசிவே இல்லையா? மலை இரவில் ஜன்னல்களை மூடிவிட்டுத் தூங்கும்போது, நம் மூச்சிலும் சமையலிலும் வரும் ஈரம், குளிர்ந்த இரும்புத் தகட்டில் பட்டு நீர்த்துளியாகும். அதுவே பலகையையும் தகட்டையும் அரிக்கும். காரணத்தைச் சரிசெய்யாமல் தரையை மாற்றினால் அடுத்த மழைக்காலத்தில் மறுபடி இதே செலவுதான்.

ஆர்.சி.யை ஒருமுறை திறந்து பாருங்க

எம்பரிவாகன் அல்லது டிஜிலாக்கர் செயலியில் வாகன வகை, இருக்கை எண்ணிக்கை, காலி எடை மூன்றையும் பாருங்க. பழைய தரையை எடுத்துவிட்டு அதே இடத்தில், ஏறக்குறைய அதே எடையில் புதுத் தரை போடுவது பழுதுபார்ப்பு வேலைதான். ஆனால் இருக்கையைக் கழற்றுவது, சட்டத்தை வெட்டுவது, சாதாரண வேனைக் கேரவனாக மாற்றுவது எல்லாம் வேறு கதை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி இத்தகைய மாற்றங்களை இஷ்டப்படி செய்ய முடியாது. முன்கூட்டியே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை அணுகுங்க. அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரு வார்த்தை எழுத்துமூலம் சொல்லிடுங்க.

டைல்ஸ் வேண்டாமே!

4 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம் உள்ள தரை என்று வைத்துக்கொள்வோம். 2 மி.மீ. வினைல் விரிப்பு சுமார் 25 கிலோ வரும். அதே இடத்தில் 10 மி.மீ. டைல்ஸ் ஒட்டினால் சுமார் 180 கிலோ! கூடுதலாக இரண்டு பெரியவர்களை எப்போதும் ஏற்றிக்கொண்டு போவது போல. வளைவுகளில் இறங்கும்போது அந்த எடை முழுவதும் பிரேக்கின் தலையில்தான் விழும். போதாததற்கு, வண்டி அதிர்வில் டைல்ஸ் விரிசல் விடும்.

வேலை செய்யும் முறை

1. மழை இல்லாத பிப்ரவரி, மார்ச் மாதங்களில் செய்யுங்க. ஈரப் பலகையை மூடிவிட்டால் உள்ளிருந்தே மக்கும்.

2. பேட்டரி இணைப்பையும் கேஸ் சிலிண்டரையும் முதலில் கழற்றிடுங்க.

3. மக்கிய பலகையை எடுத்து, இரும்புத் தகட்டின் துருவைச் சுரண்டி, துருத் தடுப்பு பிரைமர் அடித்து நன்றாகக் காய விடுங்க.

4. 12 மி.மீ. மரைன் பிளைவுட் போடுங்க. அதில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 710 என்ற எண்ணும் இருக்கணும். முத்திரையோடு உள்ள உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டினால் அசலா போலியா என்று தெரியும்.

5. வெட்டிய ஓரங்கள், திருகுத் துளைகள் எல்லாவற்றுக்கும் நீர்புகாப் பூச்சு கொடுங்க. தண்ணீர் உள்ளே போவது பெரும்பாலும் ஓரம் வழியாகத்தான்.

6. துளை போடும் முன் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்க. டீசல் தொட்டி, பிரேக் குழாய், வயர் எங்கே போகிறது என்று சாக்பீஸால் மேலே குறித்துக்கொள்ளுங்க.

இந்தத் துளையை மட்டும் மூடாதீங்க!

சிலிண்டர் வைக்கும் இடத்தில் தரைமட்டத்தில் சின்னத் துளை இருக்கும். "குளிர் காத்து வருது, பூச்சி வருது" என்று புதுத் தரை போடும்போது அதைப் பலர் அடைத்துவிடுகிறார்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழேதான் தேங்கும். அது வெளியேறும் வழியே அந்தத் துளை. அதை மூடிவிட்டுக் கதவையும் சாத்தித் தூங்கினால், ஒரு தீப்பொறி போதும். பூச்சி வராமல் இருக்க சல்லடை வலை அடித்தால் போதும்.

கேஸ் வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் எல்லோரும் வெளியே வந்து 1906-ஐ அழையுங்க. அவசர உதவிக்கு 112. தரமற்ற பொருளைத் தலையில் கட்டிவிட்டார்களா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்காகவே பிளைவுட் வாங்கிய ரசீதைப் படம் எடுத்து போனில் வச்சுக்கோங்க.

வண்டியைப் பட்டறையிலிருந்து எடுக்கும்போது இரண்டே வேலை: குனிந்து அந்தத் துளை திறந்திருக்கிறதா என்று பாருங்க, எடை மேடையில் ஒருமுறை நிறுத்தி எடை போடுங்க. இரண்டும் சரியாக இருந்தால், மலை ஏறலாம்!