வைக்கோல் வண்டியில் தொடங்கிய விழா

கதைசொல்லும் விழாவொன்றைத் தொடங்க விரும்புவோர் பெரும்பாலும் அரங்கம், நிதி, புகழ்பெற்ற பேச்சாளர் ஆகியவற்றையே முதலில் தேடுகின்றனர். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலுள்ள ஜோன்ஸ்பரோ என்னும் சிற்றூரின் பட்டறிவு வேறொன்றைக் காட்டுகிறது. அந்நாட்டின் தேசியக் கதைசொல்லல் விழா 1973ஆம் ஆண்டு அக்டோபரில் அங்கேதான் தொடங்கியது.

தொடங்கியவர் ஜிம்மி நீல் ஸ்மித். உயர்நிலைப்பள்ளியில் இதழியல் கற்பித்தவர். மாணவர் சிலருடன் காரில் சென்றபோது, ஜெர்ரி கிளவர் என்னும் நகைச்சுவையாளர் மிசிசிப்பி நாட்டுப்புறத்து வேட்டைக் கதையொன்றைச் சொல்வதை வானொலியில் கேட்டார். இத்தகைய கதைசொல்லிகளை நம் ஊருக்கே அழைத்தால் என்ன என்னும் எண்ணம் அவருக்கு எழுந்தது. ஊரும் அதற்கு இணங்கும் நிலையில் இருந்தது. 1779இல் அமைந்த ஜோன்ஸ்பரோ, டென்னசியின் மிகப் பழைய நகரம். தன் பழைய கடைத்தெருவுக்கு மக்களை மீண்டும் வரவழைக்க வழி தேடிக்கொண்டிருந்தது.

முதல் விழாவின் சனிக்கிழமை இரவில், பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் கிளவரே கதை சொன்னார். பெருங்கூட்டம் திரண்டது. மறுநாள் பிற்பகல் நீதிமன்றக் கட்டடத்தின் அருகே பழைய வைக்கோல் வண்டி ஒன்று நிறுத்தப்பட்டது. அதுவே மேடை. சொன்னவர்களையும் கேட்டவர்களையும் சேர்த்து எண்ணினாலும் 60 பேரைத் தாண்டாது என்பர். ஆயினும், வளர்ந்து விழாவானது அந்த வண்டியே. கூடத்து நிகழ்ச்சி அன்று. புகழ்பெற்றவரைக் காண வந்தோர் கண்டதும் கலைவர். வண்டியைச் சூழ்ந்து நின்றோர்க்கோ, தம் வீட்டு முதியோரும் அதில் ஏறத் தக்கவரே என்பது விளங்கியிருக்கும். காரணம் அதுவென்றே எனக்குத் தோன்றுகிறது.

வட கரோலைனாவின் பீச் மலையில் உழவராக வாழ்ந்த ரே ஹிக்ஸ் இதற்குத் தக்க சான்று. ஜாக் என்னும் சிறுவனைப் பற்றிய பழங்கதைகளைக் குடும்பத்து முதியோரிடம் கேட்டுக் கற்றவர் அவர். முதல் விழாவில் கதை சொன்னார். பின்னரும் பல ஆண்டுகள் வந்தார். 1983இல் மரபுக்கலைஞர்க்கு உரிய தேசியச் சிறப்பு அவருக்கு வழங்கப்பட்டது. அவர் கற்ற இடம் அடுப்பங்கரையும் வயலுமே.

விழாவைத் தொடர்ந்து நடத்தவும் கதைசொல்லும் கலையைப் பேணவும் 1975இல் ஒரு சங்கம் அமைக்கப்பட்டது. விழா முதலில் வந்தது, சங்கம் பின்னர் வந்தது என்பது கருதத்தக்கது. நாம் பெரும்பாலும் செயற்குழுவைத் தேர்ந்தெடுத்துவிட்டு நிகழ்ச்சியைத் தேடுகிறோம்!

நம் பள்ளிகளில் கதைசொல்லும் போட்டிகள் நடைபெறுகின்றன. அவற்றால் மாணவர்க்கு உச்சரிப்பும் துணிவும் வாய்க்கின்றன. எனினும், மதிப்பெண் இடப்படும் மேடையில் மாணவன் நடுவரை நோக்கியே பேசுகிறான். அவனுக்கு அக்கதையைச் சொல்லிக்கொடுத்த பாட்டிக்கு அங்கே இடமில்லை. ஜோன்ஸ்பரோவில் வண்டி போய்ப் பெருங்கூடாரங்கள் வந்துவிட்டன. அழைக்கப்பெற்ற கதைசொல்லிகள் அவற்றில் நிகழ்த்துகின்றனர். ஆனால், கதைப் பரிமாற்றத்திற்கென்றே ஓரிடம் அங்கு உண்டு. கேட்க வந்த எவரும் அங்கே தம் கதையைச் சொல்லலாம்.