ஸ்பீக்கரை மாற்ற வேண்டாம்; இடத்தை மாற்றுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும்போதே சப்-ஊஃபருடன் கூடிய 2.1 ஸ்பீக்கரையும் பலர் வாங்கி விடுகிறோம். கடையில் அதிர வைத்த ஸ்பீக்கர், வீட்டுக்கு வந்ததும் ஏமாற்றுகிறது. 'இன்னும் பெரியதாக வாங்கியிருக்கலாமோ?' என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, பணத்தையும் எடுத்து வைத்துவிட்டேன்.

என் அறையின் நீளம் 10 அடி. கம்ப்யூட்டர் மேஜை ஒரு சுவரோரம். எதிர்ச் சுவரை ஒட்டிக் கட்டில். படம் பார்க்க நாற்காலியை அறையின் நடுவில் போட்டுக் கொள்வேன். பேஸ் சரியாகவே கேட்காது, கூட்டுவேன். கட்டிலில் அமர்ந்திருக்கும் அம்மாவோ, "குறைடா, காதுக்குள்ள உரல் இடிக்குது" என்பார். ஒரே ஸ்பீக்கர், ஒரே பாட்டு, நேரெதிரான இரண்டு புகார்கள்! அப்போதுதான் கோளாறு ஸ்பீக்கரில் இல்லை, அறையில் இருக்கிறது என்று புரிந்தது.

காரணம் என்ன?

ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. எதிரெதிர்ச் சுவர்களில் மோதித் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று கலந்து சில இடங்களில் வலுக்கும். சில இடங்களில் அடங்கிவிடும். 343-ஐ அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்துப் பாருங்கள். 10 அடிக்கு, அதாவது 3.05 மீட்டருக்கு, சுமார் 56 ஹெர்ட்ஸ் வரும். அந்த பேஸ் ஒலி சுவரோரம் மிக அதிகம். நட்டநடுவில் மிகக் குறைவு. அம்மா சுவரோரம், நான் நடுவில்!

என்ன செய்யலாம்?

1. இரண்டு சிறிய ஸ்பீக்கர்களும் உங்கள் தலையும் சம பக்க முக்கோணமாக அமையட்டும். ஸ்பீக்கர்கள் காது உயரத்தில், உங்களை நோக்கித் திரும்பி இருக்க வேண்டும்.

2. நடுவிலும் சுவரை ஒட்டியும் உட்காராதீர்கள். முன் சுவரிலிருந்து அறை நீளத்தில் 38 சதவீத தூரத்தில் தொடங்குங்கள். 10 அடி அறைக்கு ஏறக்குறைய 4 அடி. பிறகு அரையடி அரையடியாக நகர்த்திக் கேளுங்கள்.

3. சப்-ஊஃபரை மூலையில் வைத்தால் பேஸ் அதிகரிக்கும். ஆனால் 'கும்' என்று குழப்பும். நல்ல இடம் தேட ஒரு வழி உண்டு. சப்-ஊஃபரை நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து, பழகிய பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து செல்லுங்கள். பேஸ் எங்கே தெளிவாகக் கேட்கிறதோ, அங்கே அதை வையுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை!

நான் நாற்காலியை ஓரடி முன்னே நகர்த்தினேன். சப்-ஊஃபரை மூலையிலிருந்து எடுத்தேன். கட்டிலைச் சுவரை விட்டுத் தள்ளிப் போட்டேன். எடுத்து வைத்த பணம் அப்படியே இருக்கிறது. அம்மாவும் இப்போது முழுப் படத்தையும் பார்க்கிறார். கடைக்குப் போகும் முன் நீங்களும் ஒரு மணி நேரம் இதைச் செய்து பாருங்களேன்.