கட்டற்ற மரவங்கித் திட்டத்தில் புதிய தமிழ்த் தரவை இணைத்தல்: உம்மையை முன்வைத்து

திறவுச்சொற்கள்: மரவங்கி, யுனிவர்சல் டிபென்டென்சீஸ், தரவுத்தொகுப்பு, உம்மை, சரிபார்ப்பு நிரல்

தொடர்களைப் பகுத்து, சொற்களுக்கிடையேயுள்ள உறவுகளைக் குறித்துவைக்கும் தரவுத்தொகுப்பு மரவங்கி எனப்படும். பல மொழிகளின் மரவங்கிகளை ஒரே குறியீட்டு முறையில் திரட்டும் கட்டற்ற திட்டம் யுனிவர்சல் டிபென்டென்சீஸ் ஆகும். அதில் இடம்பெற்றுள்ள டிடிபி என்னும் தமிழ் மரவங்கி 600 செய்தித் தொடர்களைக் கொண்டது. எம்டபிள்யூடிடி என்பது பெரும்பாலும் தாமஸ் லேமனின் தமிழ் இலக்கண நூலிலுள்ள தொடர்களால் அமைந்தது. இவற்றைக் கொண்டு புனைகதை நடையை ஆராய்தல் இயலாது. புதிய தரவு தேவைப்படுவது இதனால்தான்.

இணைக்கப்படும் கோப்பில் ஒரு சொல்லுக்கு ஒரு வரி. வரிக்குப் பத்துப் பத்திகள். சொல்வடிவம், அகராதி வடிவம், சொல்வகை, இலக்கணக் கூறுகள், தலைமைச் சொல், உறவின் பெயர் முதலியன அவற்றில் இடம்பெறும். சொல்வகைகள் மொத்தம் 17.

வடிவத்தைக் கற்பது எளிது; சொல் எது என வரையறுப்பதே அரிது. வேற்றுமை உருபு சொல்லுக்குள்ளேயே இலக்கணக் கூறாகக் குறிக்கப்படும்; ஒட்டிடைச்சொல் தனிச்சொல்லாகப் பிரிக்கப்படும் என்பது இத்திட்டத்தின் பொதுநெறி. ‘உம்’ இவற்றுள் எதன்பாற்படும்? தொல்காப்பியம் இடையியலில் உம்மைக்கு எட்டுப் பொருள்களைக் கூறுகிறது. ‘அரசனும் அரசியும்’ என்பதில் எண்ணும்மை இரு பெயர்களை இணைக்கிறது. ‘மழையிலும் வந்தான்’ என்பதில் சிறப்பும்மை எதையும் இணைக்கவில்லை. ‘எல்லாரும்’ என்பதிலுள்ள முற்றும்மையைப் பிரித்தால் எஞ்சும் ‘எல்லார்’ தனித்து வழங்குவது அரிது. மூன்றனுக்கும் ஒரே குறியீடு இடுவது எளிய வழியே. ஆயினும் அது தமிழ் இலக்கணம் கண்ட வேறுபாட்டை அழித்துவிடும். ஒரு மரவங்கி பிரித்ததை மற்றொன்று பிரிக்காதுவிட்டால், முதலாவதில் பயின்ற பகுப்பி இரண்டாவதில் பிழைபடும். ஆகவே புதியவர், பழைய தரவின் முடிவுகளை முதலில் படித்தறிய வேண்டும். வேறுபடுவதாயின் காரணத்தை ஆவணப்படுத்த வேண்டும்.

அடுத்தது சரிபார்ப்பு நிரல். அது ஐந்து நிலைகளில் கோப்பைச் சோதிக்கிறது. முதல் நிலைகள் வடிவத்தையும், இறுதி நிலைகள் அம்மொழிக்குரிய குறியீடுகளையும் நோக்கும். உம்மையைத் தவறாகப் பொருள்கொண்டாலும் குறியீடு முறைப்படி இருப்பின் நிரல் ஏற்றுக்கொள்ளும். இருவர் தனித்தனியே குறியிட்டு ஒப்பிடுவதற்கு மாற்று இல்லை.

தரவின் உரிமத்தைத் தனிக்கோப்பிலும், மூலத்தை விளக்கக் கோப்பிலும் குறிப்பிடுதல் கட்டாயம். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களைத் தேர்ந்தால் மூலநூலின் பதிப்புரிமைச் சிக்கல் பெரிதும் குறையும். 20,000 சொற்களுக்குக் குறைந்த தரவைப் பயிற்சிக்கெனப் பிரிக்காது, ஏறக்குறைய முழுவதையும் சோதனைப் பகுதியாக வைக்குமாறு திட்டம் பரிந்துரைக்கிறது. திருத்தங்கள் கிட்ஹப்பில் வளர்ச்சிக் கிளையில் சேரும். வழக்கமாக மே, நவம்பர் மாதங்களில் நிகழும் வெளியீட்டின்போதே அவை முதன்மைக் கிளையை அடையும்.