பழுது வருமுன் ஒரு பாரம்

"நேற்று வரை நன்றாகத்தான் ஓடியது, திடீரென்று நின்றுவிட்டது." இயந்திரம் கெட்டுப்போனால் நாம் எல்லோரும் சொல்லும் வார்த்தை இது. ஆனால் உண்மையிலேயே திடீரென்று கெடும் இயந்திரங்கள் மிகக் குறைவு. பெல்ட் தேய்கிறது, போல்ட் தளர்கிறது, பேரிங் சூடேறுகிறது, எண்ணெய் சொட்டுகிறது. ஒரு வாரத்துக்கு முன்போ, ஒரு மாதத்துக்கு முன்போ அது அடையாளம் காட்டிவிடுகிறது. கண்ணால் கண்டவர் ஒருவர். சத்தத்தைக் கேட்டவர் இன்னொருவர். எழுதி வைக்க வேண்டியவர் வேறொருவர். இந்த மூவரும் ஒன்று சேராத இடத்தில்தான் விபத்து நுழைகிறது.

ஜெராய் மலைக்கு மேற்கே யான் வட்டாரத்தின் நெல் வயல்கள். கிழக்கிலும் தெற்கிலும் குருன், பீடோங் பக்கம் ரப்பரும் செம்பனையும். வயலில் அறுவடை இயந்திரம், தோட்டத்தில் டிராக்டரும் புல்வெட்டும் மிஷினும், செம்பனை ஆலையில் பாய்லர், வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள். நம் மக்களின் பிழைப்பு இன்று இயந்திரத்தோடு பின்னிக் கிடக்கிறது. இயந்திரம் நின்றால் அன்றைய சம்பளம் குறையும். இயந்திரம் தவறினால் கை போகும், கால் போகும், சில நேரம் உயிரும் போகும். சொக்சோ பணம் வரும்; போன விரல் திரும்பி வராது.

இந்த ஆபத்தைக் குறைக்க உலகம் கண்டுபிடித்த மிக மலிவான கருவி எது தெரியுமா? ஒரு தாள். கட்டம் போட்டு, கேள்விகளை முன்கூட்டியே அச்சடித்து வைத்த ஒரு சாதாரணப் பாரம்!

விமானத்தில் பிறந்த பட்டியல்

1935ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ரைட் ஃபீல்ட் என்ற விமானத் தளம். போயிங் நிறுவனம் செய்த புதிய நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம் சோதனைக்காக மேலே கிளம்பியது. கிளம்பிய சிறிது நேரத்தில் கீழே விழுந்து தீப்பிடித்தது. இராணுவத்தின் மேஜர் ஹில், போயிங் நிறுவனத்தின் தலைமைச் சோதனை விமானி டவர் ஆகிய இருவரும் உயிர் இழந்தனர்.

விசாரித்தபோது எஞ்சினில் கோளாறு எதுவும் இல்லை. விமானம் தரையில் நிற்கும்போது காற்றில் அதன் வால் சுக்கான்கள் ஆடாமல் இருக்கப் பூட்டு ஒன்று போடுவார்கள். கிளம்புமுன் அந்தப் பூட்டை விடுவிக்க மறந்துவிட்டார்கள். அவ்வளவுதான். அனுபவம் இல்லாதவர்களா அவர்கள்? அந்த நாட்டின் தேர்ந்த விமானிகள்!

அதற்குப் பின் விமானிகள் ஒன்று செய்தார்கள். கிளம்புமுன் பார்க்க வேண்டியவை, இறங்குமுன் பார்க்க வேண்டியவை என்று பட்டியல் எழுதிக் கையில் வைத்துக்கொண்டார்கள். அந்த விமானமே பிறகு பி-17 என்ற பெயரில் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் தயாராகி, இரண்டாம் உலகப் போரில் பறந்தது. மனிதனின் நினைவு எவ்வளவு கெட்டியானாலும் அவசரத்தில் நழுவும். தாளில் எழுதியது நழுவாது. இதுதான் அவர்கள் கற்ற பாடம்.

1949 நவம்பரில் அமெரிக்க இராணுவம் இன்னும் ஒரு படி மேலே போனது. "எந்தப் பாகம், எப்படிக் கெடலாம், கெட்டால் என்ன நடக்கும்" என்பதை இயந்திரம் கெடுவதற்கு முன்பே உட்கார்ந்து யோசித்து எழுத ஒரு முறையை வகுத்தது. பின்னாளில் நிலவுக்கு மனிதனை அனுப்பிய அப்போலோ திட்டத்திலும், அதன் பின் கார் தொழிற்சாலைகளிலும் இந்த முறை பரவியது. எஃப்.எம்.இ.ஏ. என்பது அதன் பெயர். கூலிம், சுங்கைப் பட்டாணி தொழிற்சாலைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். பலருக்கு இந்த நான்கு எழுத்துகள் பழக்கமானவை. தோட்டத்திலிருந்து போன பிள்ளை அங்கே கற்றதைத் தோட்டத்தில் இருக்கும் தகப்பனும் தெரிந்துகொள்ளலாம் அல்லவா?

நம் நாட்டுப் பாரம்

மலேசியாவிலும் இதற்கு நெருங்கிய உறவான ஒரு பாரம் உண்டு. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகாவான ஜே.கே.கே.பி. 2008இல் ஹைரார்க் என்ற வழிகாட்டியை வெளியிட்டது. ஆபத்தை அடையாளம் காண்பது, அதன் அளவை மதிப்பிடுவது, அதைக் கட்டுப்படுத்துவது என்ற மூன்று வேலைகளும் அதில் ஒரே தாளில் அடங்கும்.

மதிப்பிடும் கணக்கு சுலபமானது. ஆபத்து நேர எவ்வளவு வாய்ப்பு என்பதற்கு ஒன்று முதல் ஐந்து வரை ஓர் எண். நேர்ந்தால் எவ்வளவு கேடு என்பதற்கும் ஒன்று முதல் ஐந்து வரை ஓர் எண். இரண்டையும் பெருக்க வேண்டும். 15 முதல் 25 வரை வந்தால் பெரிய ஆபத்து. உடனே கவனிக்க வேண்டும். 5 முதல் 12 வரை நடுத்தரம். 4க்குள் இருந்தால் சிறியது.

ஒரு தோட்டத்து டிராக்டரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு மலைச் சரிவில் இறங்குகிறது. அதன் இருக்கை கிழிந்திருக்கிறது. ஓட்டுபவருக்குத் தினமும் எரிச்சல். வாய்ப்பு 4, கேடு 1, பெருக்கினால் 4. பிரேக் எண்ணெய்க் குழாயோ வெடித்துக் கிடக்கிறது. இன்னும் ஒழுகவில்லை, அதனால் யாரும் பேசவில்லை. குழாய் விட்டுப்போக வாய்ப்பு 4; சரிவில் விட்டுப்போனால் ஓர் உயிர் போகலாம், ஆகவே கேடு 4; பெருக்கினால் 16.

இப்போது யோசித்துப் பாருங்கள். பாரம் இல்லாவிட்டால் எதைப் பற்றி முதலில் புகார் போகும்? இருக்கையைப் பற்றித்தான்! தினமும் குத்துவது ஒன்று. ஒரே நாளில் கொல்வது வேறொன்று. இரண்டையும் பிரித்துக் காட்டுவதே இந்தத் தாளின் பெரிய உபகாரம்.

காரணம் எழுதும் கட்டத்தில் "தேய்ந்துவிட்டது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடக் கூடாது. ஜப்பானின் டொயோட்டா தொழிற்சாலையில் "ஏன்?" என்று ஐந்து முறை கேட்கும் வழக்கம் உண்டு. பிரேக் ஏன் பிடிக்கவில்லை? எண்ணெய் குறைந்தது. ஏன் குறைந்தது? குழாய் ஒழுகியது. ஏன் ஒழுகியது? பழையதாகி வெடித்திருந்தது. ஏன் மாற்றவில்லை? எப்போது போட்டது என்று யாருக்கும் தெரியாது. ஏன் தெரியாது? எழுதி வைக்கவில்லை. முதல் கேள்வியோடு நின்றிருந்தால் எண்ணெயை ஊற்றிவிட்டுப் போயிருப்போம். ஐந்தாவது கேள்விதான் மருந்தைக் காட்டுகிறது.

ஏட்டுச் சுரைக்காய் ஆகலாமா?

அச்சடித்த பாரம் கையில் இருந்தால் மட்டும் போதுமா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள்.

1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவைத் தாண்டி இந்தியாவின் போபால் நகரில் நடந்ததை உலகம் மறக்காது. யூனியன் கார்பைட் பூச்சிமருந்துத் தொழிற்சாலையிலிருந்து நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அந்தத் தொழிற்சாலையில் பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் இல்லை. வாயுத் தொட்டியைக் குளிர்விக்கும் இயந்திரம் இருந்தது. மாதக் கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. வாயுவை எரித்து அழிக்கும் கோபுரம் இருந்தது; அதற்குப் போகும் குழாய் பழுதுக்காகக் கழற்றப்பட்டிருந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்தால், "பிறகு செய்துகொள்ளலாம்" என்று தோன்றும் சின்ன வேலைகள். எல்லாம் ஒரே இரவில் ஒன்று சேர்ந்தபோது ஒரு நகரமே சுடுகாடானது.

ஆகவே பாரத்தை நிரப்புவதிலும் சில விதிகள் வேண்டும்.

முதலாவது, வேறு இடத்துப் பாரத்தை அப்படியே எடுத்து ஒட்டக் கூடாது. சமதரைத் தொழிற்சாலைக்கு எழுதிய பாரத்தில் மலைச் சரிவு இருக்காது. மழையில் வழுக்கும் செம்மண் பாதையும் இருக்காது. அச்சடித்த கேள்விகளை வைத்துக்கொண்டு, அடியில் நம் இடத்துக் கேள்விகள் இரண்டு மூன்றைச் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, மேசையில் உட்கார்ந்தபடியே சரி, சரி, சரி என்று முப்பது நாளுக்கும் ஒரே பேனாவில் குறி போடுவது வெறுந்தாளைவிட மோசம். வெறுந்தாளைப் பார்த்தால் சந்தேகமாவது வரும். பொய்க் குறியைப் பார்த்தால் நம்பிக்கை வந்துவிடும்.

மூன்றாவது, இயந்திரத்தைக் கையாள்பவரைக் கேட்காமல் பாரத்தை நிரப்பக் கூடாது. செம்பனை ஆலையில் பாய்லரின் தண்ணீர் மட்டம் குறைந்தால் எவ்வளவு ஆபத்து என்பது படித்த எஞ்சினியருக்குத் தெரியும். ஆனால் அந்தக் கண்ணாடிக் குழாயில் அழுக்குப் படிந்து மட்டம் சரியாகத் தெரியவில்லை என்பது, பக்கத்தில் நிற்கும் தொழிலாளிக்குத்தான் முதலில் தெரியும். அவருடைய மொழியில் கேட்க வேண்டும். பாரம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்தால், படித்துக் காட்டிக் கேட்க வேண்டும். புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

நான்காவது, ஒவ்வொரு குறைக்கும் எதிரே யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்று இருக்க வேண்டும். பெயரும் தேதியும் இல்லாத குறை அடுத்த வருடமும் அதே இடத்தில் இருக்கும்.

சட்டம் நம் பக்கம் வந்திருக்கிறது

பாய்லர், பாரந்தூக்கி போன்றவற்றை அரை நூற்றாண்டுக்கு மேலாக 1967ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் கவனித்து வந்தது. 2024 ஜூன் 1 முதல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டு, 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தங்களோடு அந்தப் பொறுப்பையும் ஏற்றிருக்கிறது. பாய்லர் போன்றவற்றுக்குத் தகுதிச் சான்றிதழ் இன்றும் கட்டாயம்.

திருத்தத்தில் தொழிலாளி தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. ஆபத்து மதிப்பீடு செய்வது முதலாளியின் கடமை என்று சட்டமே சொல்கிறது. ஐந்து பேரோ அதற்கு மேலோ உள்ள வேலையிடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் வேண்டும். நாற்பது பேரும் அதற்கு மேலும் இருந்தால் பாதுகாப்புக் குழு வேண்டும்; அதில் தொழிலாளர் பிரதிநிதிகள் உட்காரலாம். முதலாளி தம் கடமையை மீறினால் அபராதம் 500,000 வெள்ளி வரை போகலாம். முன்பு அது 50,000 வெள்ளியாக இருந்தது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, சொல்லியும் முதலாளி எதுவும் செய்யாவிட்டால், அந்த இடத்தைவிட்டு விலகும் உரிமையும் தொழிலாளிக்கு உண்டு.

இங்கேதான் அந்தத் தாளின் இன்னொரு பலன் இருக்கிறது. "பிரேக் சரியில்லை என்று அன்றே சொன்னேன்" என்பது வாய்வார்த்தை, காற்றோடு போய்விடும். தேதி போட்டு எழுதியது நிற்கும். பாரத்தில் எழுதிக் கொடுங்கள். அதைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கும் ஒரு நோட்டு

தாய்மார்களே, இது ஆலைக்கு மட்டும் உரிய வித்தை என்று ஒதுக்கிவிடாதீர்கள். பள்ளிக்கூட நோட்டில் கோடு போட்டால் போதும். பொருள், எப்படிக் கெடலாம், கெட்டால் என்ன, எப்போது பார்த்தோம், அடுத்து எப்போது பார்ப்போம் என்று ஐந்து கட்டங்கள். முதல் வரி, கேஸ் தோம்பின் ரப்பர் குழாய்: வெடித்திருக்கிறதா, எந்த வருடம் வாங்கியது? சோப்பு நுரை தடவினால் கசியும் இடத்தில் குமிழி வரும். இரண்டாம் வரி, மோட்டார் சைக்கிள்: பிரேக், சங்கிலி, டயர், பின் விளக்கு. இருட்டோடு வேலைக்குக் கிளம்பும் கணவருக்கு அந்தச் சிறு விளக்குத்தான் துணை. மூன்றாம் வரி, மின்சார வயர்களும் சுவிட்சுகளும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரை மணி நேரம். பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். கணக்கும் வரும், பொறுப்பும் வரும்.

நம் முன்னோர் இந்தக் கெடா மண்ணில் காட்டை அழித்துத் தோட்டம் ஆக்கியபோது கையில் இருந்தது கத்தியும் மண்வெட்டியும்தான். அவற்றைக்கூடத் தினமும் துடைத்து, தீட்டி, எண்ணெய் தடவி வைத்தார்கள். இன்று நம் கையில் இருக்கும் கருவி பெரியது. அது தவறினால் வரும் கேடும் பெரியது. அடுத்த முறை இயந்திரத்தில் ஒரு புதுச் சத்தம் கேட்டால், "இன்னும் ஓடுகிறதே" என்று விட்டுவிடாதீர்கள். சத்தம் என்ன, எந்தப் பாகத்தில், என்ன தேதி என்று மூன்று வார்த்தை எழுதுங்கள். எழுதிய கையும் பிழைக்கும். பக்கத்தில் நிற்பவரும் பிழைப்பார்.